பொன்னாடைக்கு முன்னால் சொல்லவேண்டியது

"நீங்கள் யாருக்காகப் பேசுகிறீர்கள்?" என்று கேட்பதற்கே சம்பளம் தருகிற தொழில் ஒன்று உலகத்தில் இருக்கிறது, அதைத்தான் நான் செய்கிறேன்.

எங்கள் அலுவலகம் சிட்னியில், பரமட்டாவில் இருக்கிறது. அமைச்சரையோ அதிகாரியையோ பார்த்துத் தங்கள் காரியத்தைச் சொல்ல விரும்பும் கொம்பனிகள் எங்களிடம் வரும். அவர்களுக்காக நாங்கள் போய்ப் பேசுவோம். ஆங்கிலத்தில் லொபியிஸ்ட் என்பார்கள். இது குற்றமில்லை. ஆனால் மாநில அரசு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. யாருக்காகப் பேசுகிறோம், அந்தக் கொம்பனி யாருக்குச் சொந்தம் என்பதை எல்லோரும் பார்க்கக்கூடிய பதிவேட்டில் முன்கூட்டியே எழுதவேண்டும். சொந்தக்காரர் வெளிநாட்டு அரசாங்கமோ அதன் நிதியமோ என்றால் அதை இன்னும் வெளிச்சமாகச் சொல்லவேண்டும். மறைத்தால் பதிவேட்டிலிருந்து எங்கள் பெயரை வெட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஒரு அரசாங்கக் கதவும் எங்களுக்குத் திறக்காது.

எங்கள் நிறுவனத்தில் பேசுகிறவர்கள் வேறு ஆட்கள். பேசுவதற்கு முன் சொல்லவேண்டியதைச் சொல்லவைக்கிறவள் நான். கணக்காய்வு, பாதுகாப்பு, சம்பளப் பிரிவு என்று எங்கேயாவது இருந்துகொண்டு, "இதை எழுத்தில் தாருங்கோ" என்று கேட்டுக் கேட்டே எல்லோருடைய முறைப்பையும் வாங்கிக் கட்டிக்கொள்ளும் அன்பர்களே, இது உங்களுக்காக எழுதுவது. பயப்படாமல் வாசியுங்கள், இந்தமுறை வென்றது நாங்கள்.

உண்மை சொல்லும் புரோக்கர்

என் தொழிலை எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது அமைச்சரைச் சந்திப்பதைவிடக் கஷ்டம். குவேக்கர்ஸ் ஹில்லில் எங்கள் பக்கத்து வீட்டுப் பூமணி அன்ரி ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் என்னைப் பிடித்து ஒரு கதிரையில் இருத்திவிட்டார். படித்த பிள்ளை, காலையில் நல்லாய் உடுத்திக்கொண்டு ரயில் ஏறுகிறது, ஆனால் என்ன வேலை என்றுதான் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை என்பது அவருடைய கவலை. டொக்டர், எஞ்சினியர், அக்கவுண்டன் என்று எதிலும் என்னைச் சேர்க்க முடியாமல் மனுசி தவித்துப்போயிருந்தார்.

எனக்கும் வேறு வழி தெரியவில்லை. "கலியாணப் புரோக்கர் மாதிரி ஒரு வேலை, அன்ரி. ஒரு பக்கம் கொம்பனி, மற்றப் பக்கம் அரசாங்கம். மாப்பிள்ளை வீட்டார் ஆர், எந்த ஊர், வருமானம் எங்கயிருந்து வருது எண்டு எல்லாத்தையும் சொல்லிப்போட்டுத்தான் பொம்பிளை பாக்கப் போகலாம். சரியாச் சொல்லினமோ எண்டு பாக்கிறது நான்" என்றேன். அன்ரி கையிலிருந்த ரோல்ஸைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"உண்மை சொல்லுற புரோக்கரோ? அப்ப ஒரு கலியாணமும் நடக்காதே, பிள்ளை!"

சிவம் அங்கிளின் தம்பி

சிவம் அங்கிள் எங்கள் நிறுவனத்தின் பகுதிநேர ஆலோசகர். ஓய்வுபெற்ற எஞ்சினியர். மேற்குச் சிட்னியில் அவருக்குத் தெரியாத மனிதர் கிடையாது. எங்கள் முதலாளி கிரெக் அவரைப் பிடித்துப்போட்டதே அதற்காகத்தான். அங்கிளிடம் ஒரு வழக்கம் உண்டு. யாரையும் அந்நியராக அறிமுகம் செய்ய அவருக்கு வாய் வராது. "இவர் என்ர தம்பி" என்று தோளில் கைபோட்டுத்தான் கூட்டிவருவார். ஹரிஸ் பார்க்கில் இனிப்புக் கடைக்குப் போனால் அந்தத் தம்பிக்கு ஒரு லட்டு கூடுதலாகக் கிடைக்கும். நம்மவர்கள் எல்லோருமே இப்படித்தானே? நம் வீட்டு வாசலுக்கு இதுவரை யாராவது 'பிரதிநிதி' என்று வந்திருக்கிறார்களா? அண்ணனாக வருவார்கள், மச்சானாக வருவார்கள்.

ஆனால் அங்கிள் ஒருமுறை வெளிநாட்டுச் சீமெந்துக் கொம்பனி ஆள் ஒருவரை இப்படியே தோளில் கைபோட்டு ஒரு அரசு அதிகாரியிடம் கூட்டிப் போய்விட்டார். அந்த அதிகாரி தன் குறிப்பில் எழுதியது இதுதான்: திரு. சிவமும் அவருடைய இளைய சகோதரரும் வந்தார்கள். சகோதரர் சீமெந்தைப் பற்றி நீண்ட நேரம் பேசினார். யாருக்காகப் பேசினார் என்று ஒரு சொல் இல்லை. பதிவு அலுவலகம் கிரெக்கையும் என்னையும் கூப்பிட்டது. மார்கரெட் என்ற அதிகாரி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். குரலை உயர்த்தாமலே ஆளை நடுங்கவைக்கும் பெண்மணி. நாங்கள் எப்படி உறவு வைத்துப் பழகுவோம் என்று நான் மூச்சுப் பிடித்து விளக்கினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, எழுத்து மூலம் எச்சரிக்கை ஒன்றைக் கையில் தந்தார். இன்னொரு தடவை நடந்தால் பெயர் நீக்கம், அவ்வளவுதான். கிரெக், அங்கிள், நான், மற்றவர்கள் என்று எல்லோருடைய பிழைப்பும் அந்த ஒரு தாளில் தொங்கியது.

"உங்கள் பண்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் அடுத்த தம்பி வரும்போது, அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்."

கோப்பிக் கடையில் ஒரு முதல் வசனம்

அந்த எச்சரிக்கைக்குப் பிறகு நான் அலுவலகத்தில் பொல்லாதவளாகிவிட்டேன். எந்தச் சந்திப்பானாலும் வணக்கத்துக்கு அடுத்த வசனம் இதுவாகத்தான் இருக்கவேண்டும் என்று சட்டம் போட்டேன்: நான் இன்னார், இன்ன கொம்பனிக்காக வந்திருக்கிறேன், அது இன்னாருக்குச் சொந்தம். ஒவ்வொருவரையும் என் மேசைக்கு முன் நிற்கவைத்துச் சொல்லவைத்தேன். சிவம் அங்கிள், "இந்த வயசில என்னைப் பாடம் ஒப்புவிக்க வைக்கிறாய்" என்று முறுகிக்கொண்டே ஒப்புவித்தார். கிரெக் மூன்றாவது பகுதியில் எப்போதும் தடுக்கினார். விட்டேனா? போகும்போதும் வரும்போதும் பிடித்துக் கேட்டேன். ஒரு காலை கீழே கோப்பிக் கடையில் வரிசையில் நிற்கிறார் கிரெக். பின்னால் நான் நிற்பது அவருக்குத் தெரியாது.

"வணக்கம், நான் கிரெக், இந்தக் கோப்பி எனக்கில்லை, மேல்மாடியில் என்னை உயிரோடு வறுத்தெடுக்கும் ஒரு பெண்மணிக்காகக் கேட்கிறேன்."

பாண் கடைக்கு மேலே

எச்சரிக்கை வந்த செய்தி எப்படியோ பரவி, பழைய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக நழுவிக்கொண்டிருந்த நேரத்தில்தான் பெரிய மீன் ஒன்று வந்தது. புது விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குளிர்சாதனக் கிடங்கு கட்ட அரசாங்கக் காணி கேட்கும் கொம்பனி. பெயரில் ஒஸ்திரேலியா இருந்தது, சின்னத்தில் கங்காரு இருந்தது. தலைமை அலுவலகம் மெல்பனில், ஸ்பிரிங்வேலில் என்று போட்டிருந்தது. கங்காருவைப் பார்த்தாலே சந்தேகப்படும் நிலைக்கு நான் வந்திருந்தேன். உண்மையான உள்ளூர்க் கொம்பனி எதற்கு நெற்றியில் கங்காருவை ஒட்டிக்கொண்டு திரியவேண்டும்? விமானம் ஏறிப் போய்ப் பார்த்தேன். ஸ்பிரிங்வேல் சந்தைத் தெருவில் ரொட்டி சுட்டு விற்கும் ஒரு பாண் கடை, அதற்கு மேல் ஒரு அறை, அறையில் ஒரு கதிரை, ஒரு கேத்தில், நல்ல பாண் வாசம். கிடங்கைக் காணவில்லை, கங்காருவையும் காணவில்லை.

கதிரையில் ராகவன் இருந்தார். கொம்பனியின் பிரதிநிதி, கோயம்புத்தூர்க்காரர், இஸ்திரி போட்ட சட்டை, பயந்த முகம். எனக்குக் கதிரையைத் தந்துவிட்டுத் தான் நின்றார். "இது ஆஸ்திரேலியக் கம்பெனிதான் மேடம்" என்றார். இதன் சொந்தக்காரர் யார் என்றேன். இன்னொரு கம்பெனி என்றார். அதன் சொந்தக்காரர்? அவர் கேத்திலைப் போட்டார். அதற்கு மேலே? கோப்பைகளைக் கழுவினார். தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் உண்மை வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது ஒரு வெளிநாட்டு அரசின் முதலீட்டு நிதியம். எந்த நாடு என்று இங்கே எழுதப்போவதில்லை. பதிவேட்டில் இருக்கிறது, போய்ப் பாருங்கள், அது அதற்காகத்தான் இருக்கிறது.

அதில் ஒரு தப்பும் இல்லை, எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று சொன்னேன். ராகவன் தலையை ஆட்டினார். வெளிநாட்டு அரசாங்கத்தின் பணம் என்று எழுதினால் கதவைச் சாத்திவிடுவார்கள், முதலில் ஒருமுறை அமைச்சரைப் பார்த்துவிடுகிறேன், பிறகு கையெழுத்துப் போடுகிறேன் என்று கெஞ்சினார். முதலில் கையெழுத்து, பிறகுதான் அமைச்சர் என்றேன். படியிறங்கும்வரை கூடவே வந்து, பாண் கடை வாசலில் நின்று பெருமூச்சு விட்டார்.

"எனக்குப் பொண்ணு குடுத்தவங்ககூட இவ்ளோ கேள்வி கேக்கல, மேடம்."

நான் தயாரித்து வைத்த சண்டை

திரும்பி வரும் விமானத்தில் கிரெக்கோடு போடவேண்டிய சண்டையை முழுதாகத் தயாரித்தேன். இந்த வாடிக்கையாளரும் போனால் நிறுவனம் தள்ளாடும் என்று அவர் சொல்வார்; எச்சரிக்கையை நினைத்துப் பாருங்கள் என்று நான் சொல்வேன்; ஒரேயொரு சந்திப்புத்தானே என்பார்; அப்படியானால் என் ராஜினாமா இதோ என்பேன். ராஜினாமாவுக்கு நல்ல ஆங்கில வசனங்கள்கூட வந்து விழுந்தன. அலுவலகத்துக்குள் நுழைந்ததும் கதவை அடித்துச் சாத்தி நடந்ததைச் சொன்னேன். கிரெக் தலையைச் சொறிந்தார். நான் ராஜினாமாவின் முதல் வசனத்துக்கு வாய் திறந்தேன். அதற்குள் அவர் பேசிவிட்டார். இத்தனை நல்ல வசனங்களும் வீணாகப் போயினவே என்று எனக்கு உண்மையில் கோபம்தான் வந்தது.

"அந்த மனிதர் கையெழுத்துப் போடும்வரை, அமைச்சருக்கு என்ன, என் அம்மாவுக்குக்கூட அவரை நான் அறிமுகப்படுத்த மாட்டேன்."

இது சந்திப்பில்லை, பொன்னாடை

நாங்கள் இரண்டுபேரும் மறந்துபோனது சிவம் அங்கிளை. அந்த வருடப் பொங்கல் விழாவுக்கு அவர்தான் தலைவர். பரமட்டாவுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூட மண்டபம், ஜனவரி வெயில், உள்ளே அடுப்பு மூட்டினால் தீயணைப்பு வண்டி வந்துவிடும் என்பதால் வாகனத் தரிப்பிடத்தில் பொங்கல் பானை. பிரதம விருந்தினர் மாநில அமைச்சர், அதுவும் அரசாங்கக் காணிகளைக் கையில் வைத்திருக்கும் அமைச்சர். நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைகிறேன், முன்வரிசையில் கோட்டும் சூட்டுமாக ராகவன் வியர்த்துக்கொண்டு இருக்கிறார். மடியில் ஒரு பொன்னாடை.

அங்கிளைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். "அங்கிள், ராகவனை ஆர் கூப்பிட்டது?" "நான்தான். பாவம் பெடியன், மனிசியும் பிள்ளையும் ஊரில. மேடையில ஏறி அமைச்சருக்குப் பொன்னாடையைப் போத்துப்போட்டு, கிடங்கைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லுவான். அவ்வளவுதான்." "எப்பிடி அறிமுகப்படுத்தப் போறியள்?" அங்கிளின் கை தானாக ஒரு தோளைத் தேடி எழுந்தது. எனக்கு விளங்கிவிட்டது. "தம்பி எண்டோ?" அவர் மேடைத் தோரணத்தைச் சரிசெய்வதுபோலத் திரும்பிக்கொண்டார். எங்கள் ஆலோசகர், எங்கள் வாடிக்கையாளர், எங்கள் பெயர் வெட்டப்படுவதற்கு இதைவிட அழகான மேடை கிடையாது. வாசலில் மேளம் கேட்டது. அமைச்சர் வந்துவிட்டார். அங்கிள் மாத்திரம் அசையவில்லை.

"ஏன் பதறுறாய் பிள்ளை, இது சந்திப்பில்லை, பொன்னாடை!"

குசினியில் ஒரு கையெழுத்து

ராகவனைக் கையோடு கூட்டிக்கொண்டு மண்டபத்துக் குசினிக்குள் போனேன். பூமணி அன்ரி வடை சுட்ட கையோடு எங்களைப் பார்த்து, "என்ன பிள்ளை, சண்டையோ?" என்றார். "சண்டைதான் அன்ரி, கொஞ்சம் இடம் விடுங்கோ" என்றேன். ராகவனிடம் இரண்டே வழி சொன்னேன். பொன்னாடையைப் பைக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். இல்லாவிட்டால் இப்போதே என் போனில் கையெழுத்துப் போட்டு, நீங்கள் யார் என்பதை மேடையில் முழுதாகச் சொல்லவிடலாம். பொன்னாடையை விழாக் குழுவே போர்த்தும். பதிவேட்டில் பெயர் ஏறும்வரை நீங்கள் காணியைப் பற்றி ஒரு சொல் பேசக்கூடாது. தம்பி என்று மட்டும் மேடை ஏறினால் எங்கள் அத்தனை பேருக்கும் வேலை போய்விடும் என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது, அன்ரிக்கு முன்னால் அது எனக்கு வெட்கமாகவும் இருந்தது.

தெரிந்த இடத்திலெல்லாம் தம்பி, தெரியாத இடத்திலெல்லாம் உள்ளூர்க் கம்பெனி, இப்படியே தன் வாழ்க்கை போகிறது என்றார் ராகவன். மேடையில் அதைச் சொன்னால் எல்லோரும் எழுந்து போய்விட மாட்டார்களா என்று கேட்டார். பொங்கல் சாப்பாடு முடியாமல் எங்கள் ஆட்கள் எழுந்து போகமாட்டார்கள் என்று உறுதி கொடுத்தேன். அவர் சிரித்துவிட்டார். மாவுக் கறை படிந்த போனில் விரலால் கையெழுத்துப் போட்டார்.

"சொல்லிடுங்க மேடம், நான் எங்க வேலை பாக்கறேன்னு எங்க அம்மாவுக்கே இன்னும் சரியாச் சொன்னதில்ல."

தில்லை மாஸ்டரின் குரல்

இனி என் வெற்றி எல்லாம் அறிவிப்பாளர் தில்லை மாஸ்டர் கையில். தமிழ் வானொலியில் நிகழ்ச்சி செய்கிறவர். பட்டம் பதவி இல்லாத மனிதரை மேடைக்கு அழைப்பது அவருக்குப் பெரிய மனக்குறை. உள்ளூர்க் கடைக்காரரையே நாலு அடைமொழி கொடுத்துத்தான் கூப்பிடுவார். நான் ஒரு துண்டில் எழுதி நீட்டினேன். சொந்தக்காரக் கொம்பனி, அதற்கு மேலே இருக்கும் கொம்பனி, அதற்கும் மேலே இருக்கும் வெளிநாட்டு அரசின் நிதியம், அரசாங்கக் காணிக்கு விண்ணப்பித்திருக்கும் விவரம், இவருக்காகப் பேசவிருக்கும் எங்கள் நிறுவனத்தின் பெயர், அதில் சிவம் அங்கிள் ஆலோசகர் என்பது, எல்லாம். மாஸ்டர் வாசிக்க வாசிக்க முகம் மலர்ந்தது. இவ்வளவு நீளமான அறிமுகத்தை அவருக்கு இதுவரை யாரும் எழுதிக் கொடுத்ததில்லை.

தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை. நிதியத்தின் பெயர் வந்த இடத்தில் குரலை இறக்கி, நிறுத்தி, பிறகு தேர் வருவதுபோல் ஏற்றினார். பதிவேட்டுக்கு எழுதிய வசனங்களுக்கு இப்படி ஒரு குரல் கிடைக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. சபை கைதட்டியது. யாரும் எழுந்து போகவில்லை. "சிவத்தின்ர தம்பி எண்டெல்லோ நினைச்சனான், பெரிய ஆளாய் இருக்கிறார்" என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். ராகவன் மேடையில் ஏறி, வணக்கம் மட்டும் சொல்லி, கும்பிட்டுவிட்டு நிமிர்ந்து நின்றார். அந்த மனிதர் நிமிர்ந்து நின்றதை அன்றுதான் பார்த்தேன். அமைச்சரின் உதவியாளர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

அங்கிள் விழாக் குழுவின் பொன்னாடையை அமைச்சரிடம் எடுத்துக்கொண்டு போனார். கிட்டப் போய் நின்று, என்னை ஒருமுறை பார்த்து, ஒலிவாங்கியை வாங்கி, "நான் சிவம், பொங்கல் விழாக் குழுவுக்காக இதைப் போர்த்துகிறேன், வேறு ஒருவருக்காகவும் இல்லை" என்று ஆங்கிலத்தில் தடுமாறாமல் சொல்லிவிட்டுப் போர்த்தினார். எனக்கு விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது. சேலை கட்டியிருந்ததால் கைதட்டலோடு நிறுத்திக்கொண்டேன். அமைச்சர் ஒலிவாங்கிக்குக் கிட்ட வந்தார்.

"இத்தனை வருடங்களில் எத்தனையோ பேர் என் தோளில் எதையெதையோ போட்டிருக்கிறார்கள், யாருக்காகப் போடுகிறோம் என்று முதலிலேயே சொன்னவர் நீங்கள் ஒருவர்தான்."

பூமணி அன்ரியின் விண்ணப்பம்

ராகவனின் கொம்பனி பதிவேட்டில் ஏறியது. அதற்குப் பிறகு முறைப்படி சந்திப்புக் கேட்டோம், கதவு திறந்தது. கிரெக் முதல் வசனத்தைத் தடுமாறாமல் சொன்னார், மூன்றாவது பகுதியையும். இரண்டு தரப்பும் பேசிப் பேசி, காணியும் கிடைத்தது. கிடங்கின் வாசலில் இப்போது கங்காரு இல்லை, உண்மையான பெயர் இருக்கிறது. மார்கரெட் எங்களைக் கூப்பிட்டு எச்சரிக்கை நீங்கியதாகச் சொன்னார். விழாக் காணொளியை யாரோ அவருக்கு அனுப்பியிருந்தார்களாம். தில்லை மாஸ்டர் கட்டணத்துக்கு வேறு விழாக்களுக்கும் வருவாரா என்று மார்கரெட்டே விசாரித்தார். நழுவிப்போன வாடிக்கையாளர்கள் திரும்பி வரத் தொடங்கினார்கள். பரமட்டா நிலையத்துக்கு நடந்துபோகும்போது எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. வென்றுவிட்டேன், நன்றாக வென்றுவிட்டேன், இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

மார்கரெட் கூப்பிட்ட அன்று பின்னேரம் பூமணி அன்ரி ஒரு சட்டியில் சர்க்கரைப் பொங்கலோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருந்தவர் கதையைத் தொடங்க முடியாமல் சேலைத் தலைப்பைத் திருகினார். மகனுக்கு முப்பத்தைந்தாகிறதாம். இதுவரை பார்த்த புரோக்கர்மார் எல்லோரும் அவனை வைத்தியசாலையில் பெரிய டொக்டர் என்று சொல்லிவைக்க, பெண் வீட்டார் வந்து விசாரித்துவிட்டுத் திரும்பிப் போகிறார்களாம். அவன் உண்மையில் அங்கே எக்ஸ்ரே எடுக்கிறவன், நல்ல பிள்ளை.

"குசினியில நீர் நிண்ட நிலையைப் பாத்தனான், பிள்ளை, என்ர மகனுக்கும் நீரே ஒரு இடம் பாரும், உள்ளதை உள்ளபடி சொல்லியே பாரும்."

அரசாங்கத்திடம் உண்மையைச் சொல்லவைத்த எனக்கு, பூமணி அன்ரியின் மகன் சமைக்கத் தெரியாதவன் என்பதைப் பெண் வீட்டாரிடம் எந்த வசனத்தில் சொல்வது என்பதுதான் இப்போதைய ஒரே தொழில் பிரச்சினை.